நிபோங் திபால் தமிழர் வீடுகளில் கொல்லைத் தோட்டமும் சமையலும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் நிபோங் திபால். பேராக்கின் பாரிட் புந்தாரும் கெடாவின் பண்டார் பாருவும் மிக அருகில் இருக்க, மூன்று மாநிலங்கள் கூடும் இடமாக இது விளங்குகிறது. கரும்பு, ரப்பர், செம்பனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த தோட்டத் தொழில்களோடு தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. அவர்களின் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் மரவள்ளியும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவருகின்றன. கொல்லையில் விளைவதைக் கொண்டு அன்றைய குழம்பையும் பிரட்டலையும் தீர்மானிக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. அந்த வழக்கம் எப்படி உருவானது, எவை பயிராகின்றன, அவை எப்படிச் சமைக்கப்படுகின்றன, உடல்நலத்துக்கும் செலவுக்கும் அதனால் என்ன பயன், அதன் எல்லைகள் எவை என்பன வரிசையாக இங்கே ஆராயப்படுகின்றன.

லயத்து வீட்டிலிருந்து தாமான் வரை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றழைக்கப்பட்ட செபராங் பிறையின் தென்பகுதி கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து, ரப்பர் தரும் பால்மரம் அந்த இடத்தைப் பிடித்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது.

லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிக்கு அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு ஆகியவை கடையிலிருந்து, பெரும்பாலும் கடனில் வந்தன. பசுமையான காயும் கீரையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு நிலத்திலிருந்து வந்தன. மாடும் ஆடும் வளர்த்த குடும்பங்களுக்கு எருவுக்குப் பஞ்சமில்லை. அண்டையிலுள்ள பேராக் உள்ளிட்ட கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. குறைந்த கூலியில் குடும்பம் நடத்த இந்த நிலம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அந்த விதியே காட்டுகிறது.

கொல்லையின் மதிப்பு முழுமையாகத் தெரிந்த காலம் ஜப்பானியர் ஆட்சி. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்கு வந்தது. மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வாங்கிவந்தது. அந்த வரத்து குறைந்ததும் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உணவின் நடுவிடத்துக்கு வந்தன. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் ஆண்கள் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைப் பணிக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சிய குடும்பங்களைக் கிழங்கும் கீரையும் காப்பாற்றின. மரவள்ளியை அவித்து, மாவாக்கி, அடையாகவும் கஞ்சியாகவும் சமைத்த அனுபவம் மலேசியத் தமிழர் குடும்ப நினைவுகளில் இன்றும் பேசப்படுகிறது.

விடுதலைக்குப் பின், உலக உணவு விலை ஏறிய வேளையில், பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசு 1974இல் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தில் உணவுப் பயிர் செய்யுமாறு அது மக்களை ஊக்குவித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நிலைமை வேறு திசையில் சென்றது. பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள வரிசை வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. வரிசை வீட்டு மனை பெரும்பாலும் 20 அடி அகலமும் 60 முதல் 70 அடி நீளமும் கொண்டது. வீட்டையும் சேர்த்த அந்த முழு மனையே பழைய சட்டம் பயிருக்கென்று ஒதுக்கச் சொன்ன நிலத்தில் பாதிதான். அதிலும் பின்புறத்தைச் சமையலறை நீட்டிப்பும் முன்புறத்தைக் கார் நிறுத்துமிடமும் எடுத்துக்கொள்ள, மண் தெரியும் இடம் சுருங்கிவிட்டது.

2020 மார்ச் 18இல் தொடங்கிய கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை கொல்லைத் தோட்டப் பழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தது. கடைக்குப் போவது கடினமான அந்த மாதங்களில், தொட்டியில் மிளகாயும் பழைய வாளியில் கங்கோங் கீரையும் நட்ட குடும்பங்கள் நாடெங்கும் பெருகின. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாத வீட்டுத் தோட்டம், மட்கு உரம், பஞ்சகவ்யம் ஆகியவற்றைப் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் கற்பித்துவருகிறது.

மண்ணும் மழையும்

நிபோங் திபால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுதும் வெப்பம் 23 முதல் 33 பாகை செல்சியசுக்குள் நிற்கிறது. பயிருக்கு ஓய்வுக் காலம் என்று தனியே ஒன்றில்லை. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி.

கடற்கரைச் சமவெளியின் மண் களிப்பானது. நீரைப் பிடித்துவைப்பதால் ஆற்றுக்கு அக்கரையில் கிரியான் நெல்வயல்கள் செழிக்கின்றன. ஆனால் வெண்டை, கத்தரி, முருங்கை போன்றவற்றுக்கு அதே மண் தடையாகிறது. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே ஒரு முழ உயரமாவது மேடாக்கிய பாத்தி இங்கே இன்றியமையாதது. தொடர்மழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தை அடித்துச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகிறது. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்புத்தூள் கலப்பது வழக்கம். நெல்லாலைகளில் கிடைக்கும் உமியைக் கருக்கி, தேங்காய் நாரும் மட்கிய எருவும் சேர்த்தால் தொட்டிகளுக்கு நல்ல மண்கலவை கிடைக்கிறது. புதிய தாமான்களில் கட்டுமானக் கழிவு கலந்த மண்ணே பெரும்பாலும் எஞ்சியிருப்பதால், அங்கே தொட்டியில் தொடங்குவதே எளிது.

கொல்லையில் விளைபவை

இங்குள்ள தமிழர் கொல்லையில் மூன்று மரபுகள் கலந்திருக்கின்றன. தமிழகத்திலிருந்து வந்தவை முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, தூதுவளை, கற்பூரவல்லி, புடலை, பீர்க்கு. மலாய்க்காரர் வீடுகளிலிருந்து வந்தவை பண்டான் இலை, செராய் (எலுமிச்சைப்புல்), லெங்குவாஸ் (பேரரத்தை), சாயூர் மானிஸ் கீரை, புங்கா காந்தான் எனும் இஞ்சிவகைப் பூ, புளிப்பான பிலிம்பிக்காய். சீனர்களின் காய்கறிக் கொல்லைகள் வழியாகச் சாவி எனும் கடுகுக்கீரையும் கய்லான் கீரையும் பரவின. வல்லாரை, மஞ்சள், வாழை, தென்னை ஆகியவை எல்லாருக்கும் பொது.

சமையலுக்குப் பயன்படும் வேகத்தைக் கொண்டு இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விதைத்த ஒரு மாதத்தில் பறிப்பவை. கங்கோங்கும் தண்டுக்கீரையும் 25 முதல் 30 நாளில் தயாராகும். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும்.

இரண்டாம் வகை, ஒன்றரை முதல் இரண்டரை மாதத்தில் காய்ப்பவை. வெண்டையும் பயற்றங்காயும் ஏறத்தாழ 50 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் சில வாரம் பிடிக்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். கொடிகளான பாகல், புடலை, பீர்க்கு மூன்றும் சிறு நிலத்தில் பந்தலை நம்பி மேலே வளர்வதால் இடத்தை மிச்சப்படுத்துகின்றன.

மூன்றாம் வகை, எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கவைப்பவை. மரவள்ளி, மஞ்சள், வாழை, பப்பாளி, சேனை, சேம்பு ஆகியவை இதில் அடங்கும். காத்திருப்புக்கு ஈடாக இவை ஒன்றுக்கு மேற்பட்ட உணவைத் தருகின்றன. வாழையில் பூ, காய், பழம், தண்டு, இலை ஐந்தும் பயன்படும். பப்பாளியைக் காயாகக் கூட்டுக்கும் பழமாகவும் கொள்ளலாம்.

நான்காம் வகை, ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பறிக்கத் தருபவை. முருங்கை, கறிவேப்பிலை, பண்டான், செராய், சாயூர் மானிஸ், கஸ்தூரி எலுமிச்சை, பிலிம்பி ஆகியவை கொல்லையின் நிலையான சொத்து. முருங்கையை மூன்றடி போத்தாக நட்டு, கைக்கெட்டும் உயரத்தில் அடிக்கடி வெட்டிவிட்டால் ஆண்டு முழுதும் தளிர்க்கீரை கிடைக்கும். மழைமிகுந்த இவ்வட்டாரத்தில் அது காயைவிட இலையையே தாராளமாகத் தருகிறது. கறிவேப்பிலை முதல் ஓரிரு ஆண்டு மெதுவாக வளர்ந்து பின் தழைக்கும். எலுமிச்சை வகைகளை வாட்டும் பச்சைநோயைப் பரப்பும் சிறுபூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால் இரண்டையும் தள்ளித் தள்ளி நடுவது நல்லது.

பறிப்பதிலிருந்து பரிமாறுவது வரை

கடையில் வாங்கிச் சமைப்பவர் என்ன சமைப்பது என்று முடிவெடுத்த பின் காய் வாங்குகிறார். கொல்லையை நம்பிச் சமைப்பவர் என்ன முற்றியிருக்கிறது என்று பார்த்த பின் சமையலை முடிவு செய்கிறார். நாலு கத்தரியும் ஒன்பது வெண்டையும்தான் கிடைக்கும் நாட்கள் உண்டு. அவ்வாறு சிறிதுசிறிதாகக் கிடைப்பதைச் சேர்த்தாளத் தமிழ்ச் சமையலில் வழிகள் பல. சாம்பாரும் அவியலும் கூட்டும் புளிக்குழம்பும் பலகாய்களை ஒரே சட்டியில் ஏற்பவை. வீட்டுத் தோட்டச் சமையலுக்கு இவை இயல்பாகவே பொருந்துகின்றன.

நிபோங் திபாலுக்குக் கடலும் ஆறும் பக்கத்தில் இருப்பதால் மீன் குழம்பு வாரந்தோறும் நடக்கும் சமையல். அதில் கொல்லையின் வெண்டையும் கத்தரியும் சேர்கின்றன. மாங்காய் கிடைக்கும் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய் போடுவார்கள். பிலிம்பிக்காய் இருந்தால் அதுவே புளிப்பைத் தரும். கீரையை நெத்திலியோடு பிரட்டுவது மலேசியத் தமிழர் வீடுகளின் தனி அடையாளம். எண்ணெயில் நெத்திலியை மொறுமொறுப்பாக வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகாயும் வதக்கி, கீரையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பெரிய தீயில் பிரட்டி, இறக்கும்போது நெத்திலியைத் தூவினால் போதும். முருங்கை, கங்கோங், சாயூர் மானிஸ், சர்க்கரைவள்ளித் தளிர் எல்லாமே இதற்கு ஏற்றவை. சாயூர் மானிஸைத் தேங்காய்ப் பால் சொதியிலும் முட்டையோடும் சமைக்கிறார்கள்.

பலாப்பிஞ்சை அவித்து மசாலாவோடு பிரட்டினால் சைவ நாட்களில் முதன்மைக் கறியாகிறது. பலாக்கொட்டையைக் கருவாட்டுக் குழம்பில் சேர்க்கலாம். வாழைப்பூவை ஆய்ந்து, பருப்போ தேங்காய்ப்பூவோ சேர்த்துப் பொரியல் செய்வதும் வடை தட்டுவதும் வழக்கம். மரவள்ளியை அவித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தொட்டுக்கொள்வது மாலைப் பலகாரம். சம்பலோடு உண்டால் அதுவே காலை உணவு. பண்டான் இலை நெய்ச்சோற்றுக்கும் பச்சைப்பயற்றுக் கஞ்சிக்கும் மணமூட்டுகிறது. செராயும் லெங்குவாஸும் கோழிப் பிரட்டலில் கறிவேப்பிலையோடு சேர்ந்து, தமிழகத்தில் இல்லாத ஒரு சுவையை உருவாக்கிவிட்டன.

சமையலும் பருவமும் இங்கே இசைந்து வருகின்றன. பல மலேசியத் தமிழர் வீடுகள் புரட்டாசி மாதம் முழுதும் சைவம் கடைப்பிடிக்கின்றன. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வரும் அந்த மாதம் மழையால் கீரை தழைக்கும் காலம். ஜனவரியில் பொங்கல் வரும்போது வறண்ட பருவம் தொடங்கியிருக்கும். மஞ்சள் கொத்தைச் சொந்தக் கொல்லையிலிருந்து எடுத்துப் பானைக்குக் கட்டும் வீடுகள் உண்டு. வேப்பிலை, துளசி, வாழையிலை ஆகியவை கோயிலுக்கும் விருந்துக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரே கொல்லையிலிருந்து செல்கின்றன.

பறிக்கும் நேரமும் சுவையை மாற்றும். வெயில் ஏறுமுன் பறித்த கீரை நீர்ப்பற்றோடு இருக்கும். கீரையிலுள்ள வைட்டமின் சி பறித்த நேரத்திலிருந்தே குறையத் தொடங்கும். நறுக்கிய பின் கழுவினாலும் நெடுநேரம் வேகவைத்தாலும் மேலும் குறையும். முழுதாகக் கழுவி, பின் நறுக்கி, விரைவாகச் சமைப்பதே முறை. கீரையின் பீட்டா கரோட்டினை உடல் ஏற்கச் சிறிது எண்ணெய் தேவை. அதன் இரும்புச்சத்தை உடல் ஏற்க, இறக்கிய பின் பிழியும் கஸ்தூரி எலுமிச்சை உதவும்.

கவனமாகச் சமைக்க வேண்டியவை

கொல்லையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. மரவள்ளிக் கிழங்கிலும் இலையிலும், திசு சிதையும்போது சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. கசப்பு வகைகளில் அது மிகுதி. கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, நிறைய நீரில் மூடாமல் அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இலையை இடித்தோ கசக்கியோ அவ்வாறே வேகவைத்து நீரை வடிக்க வேண்டும்.

சேம்பிலும் சேனையிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். நன்றாக வேகவைப்பதும் புளி சேர்ப்பதும் அரிப்பைக் குறைக்கும். சாக்கடையோரம் தானாக முளைக்கும் சேம்பை உணவுக்கு எடுக்கக் கூடாது.

சாயூர் மானிஸைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது பேராபத்து. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காக அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் மீளமுடியாத அளவுக்குச் சேதமுற்றன. சமைத்து, மற்றக் கீரைகளோடு மாற்றிமாற்றி உண்ணும் வழக்கமே சரியானது. பிலிம்பியும் அப்படித்தான்: குழம்பில் நாலைந்து காய் போடுவது வேறு, கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைக் குவளை குவளையாகக் குடிப்பது வேறு. அவ்வாறு குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது கேரளத்தில் பதிவாகியிருக்கிறது.

வல்லாரைபோல் பச்சையாக உண்ணும் இலைகளை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். இங்கே மழைக்காலத்தில் பெருகும் நத்தைகளின் வழியாக மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் புழு மனிதரை அடையக்கூடும். பாகலும் முருங்கையும் நீரிழிவுக்கு நல்லவை என்று சொல்லி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

உடல்நலமும் செலவும்

மலேசியாவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய காயும் பழமும் உண்பதில்லை என்றும் அதே கணக்கெடுப்பு கூறியது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோறும் ரொட்டி சானாயும் மீ நூடுல்ஸும் தட்டை நிறைக்கும் சூழலில், கைக்கெட்டும் தூரத்தில் கீரை இருப்பது அந்த இடைவெளியைக் குறைக்கும் எளிய வழி.

வீட்டுத் தோட்டம் வீட்டாரை அதிக வகைக் காய்கறிகள் உண்ணவைக்கிறது என்பதை வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் நிறுவனம் 1990களிலிருந்து நடத்திய பணிகள் காட்டின. ஆனால் உணவில் பன்மை கூடுவதை மட்டும் கொண்டு நோய் குறையும் என்று முடிவுகட்ட முடியாது. சோற்றின் அளவு, சர்க்கரை, உடலுழைப்பு எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

செலவைப் பொறுத்தவரை கணக்கு பயிருக்குப் பயிர் மாறும். கங்கோங்கும் கடுகுக்கீரையும் சந்தையிலும் இரவுச் சந்தையிலும் மலிவு. அவற்றுக்கென்று மண் மூட்டையும் வலையும் விலைக்கு வாங்கினால் மிச்சம் இராது. கறிவேப்பிலை, பண்டான், செராய், மிளகாய், புதினா போன்றவை வேறு. இரண்டு இணுக்கு வேண்டிய இடத்தில் ஒரு கட்டு வாங்கி, மீதி குளிர்பெட்டியில் வாடிப்போகும் பொருள்கள் இவை. மணத்தக்காளி, தூதுவளை, அகத்தி, வாழைத்தண்டு போன்றவை பேரங்காடியில் எளிதாகக் கிடைப்பதே இல்லை. வீட்டுத் தோட்டம் உண்மையான ஆதாயம் தருவது இந்த இரு வகைகளில்தான்.

எல்லைகள்

கொல்லை எவ்வளவு செழித்தாலும் சமையலறை கடையைச் சார்ந்தே இருக்கும். அரிசி ஒருபுறமிருக்க, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, துவரம்பருப்பு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருபவை. பெரும்பாலும் பசுமை, புளிப்பு, மணம் ஆகிய மூன்றையே கொல்லையால் தர முடியும்.

இடத்துக்கு அடுத்த தடை நேரம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் நாள்தோறும் நீரூற்றவும் பூச்சி பார்க்கவும் ஆள் வேண்டும். பல வீடுகளில் இந்தப் பொறுப்பைப் பாட்டியோ தாத்தாவோ ஏற்றிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் செடியும் சமையல் முறையும் சேர்ந்தே மறையும் நிலை இருக்கிறது. பப்பாளியை 2000களின் தொடக்கத்திலிருந்து மலேசியாவில் அழித்துவரும் குருத்தழுகல் நோய், வாழையின் வாடல் நோய், மாவுப்பூச்சி, ஆப்பிரிக்க நத்தை ஆகியவை தொடர்ந்த தொல்லைகள். நீர் தேங்கிய தொட்டித் தட்டும் வாளியும் ஏடிஸ் கொசுவை வளர்த்து டெங்கியைக் கொண்டுவரும்; வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துக் கழுவுவது தோட்டப் பணியின் கட்டாயப் பகுதி. வீட்டுக்கு வெளியே சாலையோர நிலமோ சாக்கடை ஓரமோ பயன்படுத்தும்போது மாநகர் மன்றத்தின் அனுமதியும் தேவைப்படும்.

தொடங்கும் முறை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்துத் தொடங்கும் தோட்டம் பெரும்பாலும் ஒரு பருவத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டில் வாரந்தோறும் சமைக்கும் உணவைப் பார்த்துத் தொடங்கும் தோட்டம் நிலைக்கிறது. வரிசை வீட்டில் இருப்பவர்கள் முதலில் நான்காம் வகையிலிருந்து ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலை, ஒரு பண்டான், ஒரு செராய்த் தூர் ஆகியவற்றை நடலாம். அவை வேர்பிடித்த பின் இரண்டு மேட்டுப் பாத்தியில் கீரையும் வெண்டையும் மாற்றிமாற்றிப் போடலாம். அடுக்குமாடியில் வெயில் படும் தாழ்வாரம் இருந்தால் மிளகாய், கற்பூரவல்லி, புதினா, பொன்னாங்கண்ணி ஆகியவை தொட்டியிலேயே போதிய அளவு தரும். சமையலறைக் காய்த்தோலையும் முட்டையோட்டையும் மட்கவைத்தால் உரச்செலவு குறையும்.

லயத்து வீட்டுக் கொல்லை வறுமையின் தேவையால் பிறந்தது. அந்தத் தேவை இன்று பெரும்பாலும் இல்லை. நீரிழிவும் குறைந்த காய்கறி உணவும் வேறொரு தேவையை உண்டாக்கியிருக்கின்றன. நிபோங் திபாலில் கொல்லைச் சமையலை அறிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு போத்தையும் அதைச் சமைக்கும் முறையையும் சேர்த்தே கேட்டு வாங்கி நடுவது, ஒவ்வொரு குடும்பமும் இப்போதே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை.